அடுப்பில்லாமல் ஆறு அடுக்கு

நவம்பர் 8, சனி

தினமும் எழுத வேண்டுமாம். கோர்ட்டில் குழந்தைகள் சந்திப்பு அறையைப் பார்த்துக்கொள்கிற கவுன்சலர் பிளசி மேடம் சொல்லிவிட்டார். "யார்கிட்டயும் காட்ட வேணாம் சார், எனக்கும் காட்ட வேணாம். அன்னைக்கு நடந்தத மட்டும் ஒளிக்காம எழுதுங்க" என்றார். நாற்பத்தொரு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். துவாக்குடி பட்டறையில் வெல்டிங் இன்ஸ்பெக்டர் நான். நாள் முழுக்க ரிப்போர்ட் எழுதுகிற கைதானே, இதையும் எழுதித் தொலைக்கிறேன்.

அன்றைக்கு நடந்தது: ஒரு தட்டு உடைந்தது. அவ்வளவுதான்.

இன்றைக்கு நடந்தது: ஆதிரையைப் பார்த்தேன். என் மகள், பத்து வயது. ஒன்றரை வருஷமாக அவளும் அவள் அம்மா சுகந்தியும் ஸ்ரீரங்கத்தில் மச்சான் வீட்டில் இருக்கிறார்கள். மாதத்தில் இரண்டாவது சனி, நான்காவது சனி, காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை, சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்த அந்த அறையில் நான் என் பிள்ளையைப் பார்க்கலாம். பெற்ற பிள்ளையைப் பார்க்க ரிஜிஸ்டரில் கையெழுத்து! போன மூன்று சந்திப்பிலும் அவள் குனிந்து படம் வரைந்துகொண்டே இருந்தாள். நான் அவள் வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குப் பேசினாள். சாப்பிட என்ன பிடிக்கும் என்று பத்தாவது தடவையாகக் கேட்டேன்.

"ஜனனி பர்த்டேல சாக்லேட் புட்டிங் சாப்ட்டேன்."

"அப்டியா? எப்டி இருந்துச்சு?"

"கண்ணாடி டிரேல இருந்துச்சு. பிஸ்கட், கிரீம், சாக்லேட், மறுபடி பிஸ்கட், கிரீம், சாக்லேட். சைடுலேந்து பாத்தா லேயர் லேயரா தெரியும். ஆறு லேயர்."

"ஆறா!"

"ம். அவங்க அம்மா அடுப்பே பத்த வைக்காம செஞ்சாங்களாம்."

எண்ணிப் பார்த்தேன், இருபத்தைந்து வார்த்தைக்குக் குறையாது. பஸ்ஸில் வரும்போது திருவெறும்பூர் ஸ்டாப்பைத் தவறவிட்டுத் திரும்ப நடந்து வந்தேன்.

அரையாண்டு லீவில் இரண்டு நாள் அவள் என் வீட்டில் தங்க வேண்டும் என்று மனு போட்டிருக்கிறேன். டிசம்பர் 18-ஆம் தேதி நீதிபதி அவளையே கூப்பிட்டுக் கேட்கப்போகிறார். வருகிறேன் என்றால் வருவாள். மாட்டேன் என்றால் அந்த அறையும் ஒட்டகச்சிவிங்கியும்தான் எனக்கு. எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. இரண்டு நாள். ஒரு காலையில் அவள் தூங்கி எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவதை நான் பார்க்க வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

வீடியோவில் ஒரு அம்மணி ஏழு நிமிஷத்தில் செய்துவிட்டாள். "ரொம்ப ஈஸி பிரண்ட்ஸ், சின்னப் புள்ளைங்ககூட செய்யலாம்" என்று வேறு சிரிக்கிறாள்.

சாக்லேட் பிஸ்கட்டைப் பாலில் நனைத்து அடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த நனைப்பு டீக்கடை நனைப்பு. சுடச்சுடப் பாலை எடுத்து, டீயில் பன்னை முக்குகிற மாதிரி நிதானமாக முக்கினேன். முதல் பிஸ்கட் பாதி என் விரலில், மீதி டம்ளருக்குள். அடுத்ததும் அப்படியே. ஒரு பாக்கெட்டும் கரைந்து கூழாகிவிட்டது. அடுக்கு எங்கே, ஆறு எங்கே! பழுப்பு நிறத்தில் கேழ்வரகுக் கூழ் மாதிரி ஒன்று கிடந்தது.

ரிஜெக்ட். பட்டறையாக இருந்தால் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டிருப்பேன்.

போட்டுச் சாப்பிட இன்னொரு ஆளா இருக்கிறது? நானே ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டேன். இனிப்பு ஆளைத் தூக்கியடித்தது.

நவம்பர் 11, செவ்வாய்

டிபன் கடையில் இட்லி. வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டேன். ஏதாவது சத்தம் வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

கிரீம் வாங்கி வந்தேன். "நுரை நிற்கும்வரை அடிக்கவும்" என்றாள் வீடியோக்காரி. அடிக்க என்னிடம் என்ன இருக்கிறது? மத்து இருக்கிறது. சுகந்தி விட்டுப்போன சாமான்களில் அதுவும் ஒன்று. உட்கார்ந்து, பாத்திரத்தைக் காலிடுக்கில் வைத்து, இரண்டு கையாலும் கடை கடை என்று கடைந்தேன். நுரை வந்தது. இன்னும் கெட்டியாகட்டும் என்று கடைந்தேன். திடீரென்று ஒருபக்கம் தண்ணீர், ஒருபக்கம் மஞ்சள் கட்டி.

அடப்பாவி, வெண்ணெய் எடுத்திருக்கிறேன்!

கைவசம் இருந்த பொருளைச் சும்மாவா விடுவது? பிரெட்டில் தடவிக்கொண்டேன். சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு, யாரிடம் சொல்வது என்று பார்த்தேன். பட்டறை ஆட்களிடம் சொன்னால் என் மரியாதை போய்விடும். அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஃபோனில் இருக்கிற பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். கடைசியில் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மறுபடி சூப்பர் மார்க்கெட். பில் போடுகிற பெண் கிரீம் டப்பாவைப் பார்த்தாள்.

"அண்ணே, இது கொழம்புல ஊத்தறது. கேக்குக்குன்னா அந்த ஃப்ரீசர்ல இருக்கு பாருங்க, விப்பிங் கிரீம். அத எடுங்க. சில்லுன்னு இருக்கும்போதே அடிக்கணும். மத்துல அடிச்சிராதீங்க."

"மத்துல எவன்மா அடிப்பான்?"

"யாருக்குண்ணே, பாப்பாவுக்கா?"

"ஆமா."

"அண்ணி செய்ய மாட்டாங்களா?"

"ஊருக்குப் போயிருக்கா."

ஒன்றரை வருஷமாக ஊருக்குப் போயிருக்கிறாள்.

நவம்பர் 21, வெள்ளி

அரை நாள் லீவு போட்டேன். லீவே எடுக்காத ஆள் என்பதால் மேனேஜர் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். புட்டிங் செய்யப் போகிறேன் என்றா சொல்ல முடியும்? வயிற்றுவலி என்றேன்.

இப்போது நுணுக்கம் பிடிபட்டுவிட்டது. பால் ஆறியிருக்க வேண்டும். பிஸ்கட் பாலைத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும், ஒன்று இரண்டு என்று எண்ணுவதற்குள். கிரீமைப் பொங்கி நிற்கும்வரை அடிக்க வேண்டும், கடையக் கூடாது. சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தால் தானே உருகும். வெந்நீரையும் கெட்டிலில் போட்டுக்கொண்டேன், ஆக அடுப்பே பத்தவைக்கவில்லை. முக்கியமான சங்கதி, ஒவ்வொரு அடுக்கும் குளிர்ந்த பிறகுதான் அடுத்தது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழ் வரிசை ஆறாமல் மேல் வரிசையை ஓட்டாதே, விரிசல் விடும் என்று வெல்டர்களிடம் நாளைக்கு நாலு தடவை கத்துகிறவன் நான்.

புதுக் கண்ணாடி டிரே. முட்டிபோட்டுப் பக்கவாட்டில் பார்த்தேன். கறுப்பு, வெள்ளை, பழுப்பு, கறுப்பு, வெள்ளை, பழுப்பு. ஆறும் கோடு போட்டமாதிரி நின்றன. பாஸ். சத்தமாகவே சொன்னேன், பாஸ்!

நவம்பர் 22, சனி

வாசலில் இருக்கிற செக்யூரிட்டி உள்ளே விடவில்லை.

"கண்ணாடி சாமான் உள்ள கொண்டு போகக் கூடாது சார்."

"புட்டிங்குய்யா. எம் பொண்ணுக்கு."

"தின்பண்டம் கொண்டு போங்க, வேணாங்கல. வேற பாத்திரத்துல மாத்திக்கங்க."

"மாத்துனா அடுக்கு போயிடும்யா! அடுக்குக்குத்தான் இத்தன பாடும்!"

"ரூல்ஸ் சார்."

நான் கத்தவில்லை. கொஞ்சம் உரக்கப் பேசினேன். மேசையில் கையை வைத்தேன், கொஞ்சம் வேகமாக. இரண்டு வக்கீல்கள் நின்று பார்த்தார்கள். டிரேயை அவனிடமே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஆதிரை நாற்காலியில் இல்லை. பிளசி மேடத்தின் அறைக்கதவை ஒட்டி நின்றிருந்தாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பிள்ளைகள் நிற்கிற மாதிரி.

"பாப்பா, அப்பா உனக்கு என்ன கொண்டாந்திருக்கேன் தெரியுமா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "மேடம், அம்மாவுக்கு ஃபோன் பண்ணுங்க" என்றாள்.

பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சுகந்தி வந்து கூட்டிப்போய்விட்டாள்.

டிரேயை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பால்பண்ணை ஸ்டாப் தாண்டும்போதே கிரீம் இளகிவிட்டது. வீட்டுக்கு வந்து நின்றுகொண்டே ஸ்பூனால் சாப்பிட்டேன். எல்லாம் அந்தச் செக்யூரிட்டியால் வந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

எழுத எதுவும் இல்லை.

நவம்பர் 26, புதன்

மத்தியானம் பிளசி மேடம் ஃபோன் செய்தார். கண்ணாடிக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று அவரிடமும் ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பிரச்சினை கண்ணாடி இல்ல சார். நீங்க வாசல்ல இருந்தீங்க. அவ உள்ள உக்காந்து உங்களுக்குன்னு ஒரு படம் வரஞ்சிட்டிருந்தா. உங்க சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. கேட்ட அந்த நிமிஷமே பென்சில வச்சிட்டுப் பைய மாட்டிக்கிட்டா. எதுக்கும்மான்னு கேட்டேன். 'எப்பவும் இப்டித்தான் ஆரம்பிக்கும்'னு சொன்னா."

பட்டறையில் அதற்கப்புறம் வேலை ஓடவில்லை.

சரி, எழுதுகிறேன்.

போன வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மீன் குழம்பு. உப்பு இல்லை. "உப்பு எங்க?" என்று கேட்டேன். சுகந்தி உப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "போட்டுக்கங்க" என்றாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டின்னர் செட்டில் ஒரு தட்டு அது. சோற்றோடு எடுத்து எறிந்தேன்.

ஒரு தட்டு உடைந்தது என்று முதல் நாள் எழுதியிருந்தேன். உடையவில்லை. உடைத்தேன். அது முதல் சாமானும் இல்லை. அதற்கு முன்னால் டம்ளர், ரிமோட், சுகந்தியின் ஃபோன், ஒரு தடவை நாற்காலி. யாரையும் அடித்ததில்லை என்று கோர்ட்டில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அது உண்மை. தட்டையும் ஆள்மேல் எறியவில்லை, சுவரில்தான் எறிந்தேன். சுவருக்குக் கீழே ஆதிரை உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் அழவில்லை. சுகந்தி அவளைத் தூக்கி நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். எங்கே போய்விடுவார்கள், வந்துவிடுவார்கள் என்று நான் கையைக் கழுவிவிட்டு டிவியைப் போட்டேன். ஐந்து மணிக்குக் கீழே இறங்கும்போது மாடிப்படியில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள், தெருக்கதவுவரை. வக்கீலிடம் குழம்பு என்று சொன்னேன். குழம்பு இல்லை என்று பார்த்தபோதே தெரியும். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து நானேதான் கழுவிவிட்டேன்.

இத்தனை நாள் யாருக்கும் சொல்லாததை எழுதிவிட்டேன். மனசு லேசாகும் என்றார்கள். ஆகவில்லை. வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 6, சனி

இன்றைக்குச் சந்திப்பு கிடையாது. நாள் நகரவே மாட்டேன் என்கிறது.

பக்கமெல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கினேன். செய்து பார்த்தேன். கண்ணாடி அளவுக்குப் பளிச்சென்று இல்லை, ஆனால் அடுக்கு தெரிகிறது. பாதியை டிபன் கடைக்காரருக்குக் கொடுத்தேன். "சார், உங்க வீட்லயா செஞ்சது? வீட்டம்மா வந்துட்டாங்களா?" என்று முகமெல்லாம் சந்தோஷமாகக் கேட்டார். இல்லை, நான் செய்தது என்றேன். மனுஷன் ஸ்பூனை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

டிசம்பர் 13, சனி

கோர்ட்டுக்கு அரைமணி முன்னாலேயே போய்விட்டேன். செக்யூரிட்டியிடம் டப்பாவைத் திறந்து காட்டினேன். "அன்னைக்குக் கத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். "அட, விடுங்க சார். இங்க வர்றவங்க எல்லாம் கத்துறவங்கதான்" என்றார். அது ஆறுதலா குத்தலா என்று தெரியவில்லை.

ஆதிரை நாற்காலியில் இருந்தாள். பை மடியில் இருந்தது. டப்பாவை நடுவில் வைத்துவிட்டு நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, பக்கவாட்டிலிருந்து விரலை வைத்து எண்ணினாள்.

"ஆறு."

"ஆறு."

"நீங்களா செஞ்சீங்க? கடைல வாங்குனதா?"

"சத்தியமா நான்தான்."

ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். என் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படி உட்கார்ந்திருந்ததில்லை.

"நடுவுல பிஸ்கட் கெட்டியா இருக்கு. இன்னும் கொஞ்சம் நனைக்கணும்."

என் பிள்ளை! ரிப்போர்ட் எழுதுகிற வீட்டில் பிறந்தது சும்மாவா?

"மொத மொத நனைச்சப்ப எல்லாம் கரஞ்சு கூழாப் போச்சு பாப்பா. ரெண்டாவது தடவ கிரீம மத்துல கடஞ்சு வெண்ணெ எடுத்துட்டேன்."

"மத்துலயா?" பக்கென்று சிரித்துவிட்டாள். வாயில் இருந்த கிரீம் மூக்கில் ஏறி இருமினாள். நான் தண்ணீர் கொடுத்தேன். சிரிப்பு அடங்கியதும் என்னை நேராகப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை.

"கூழாப் போனப்ப கோவம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

"ஸ்பூன எடுத்து சாப்ட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் அதைப் பற்றி யோசிக்கிறாள் என்று தெரிந்தது. டப்பாவில் பாதி காலியானது. மீதியை என்ன செய்வது என்று கேட்டேன். மூடி வைத்துக்கொண்டாள், வீட்டுக்குக் கொண்டுபோக.

டிசம்பர் 18, வியாழன்

நீதிபதி அம்மா அவளைத் தன் அறைக்குள் கூட்டிப்போய் இருபது நிமிஷம் பேசினார். நான் வராந்தாவில் ஒரு தூணுக்கு இந்தப் பக்கம், சுகந்தி அந்தப் பக்கம். அவள் இளைத்திருக்கிறாள். கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்கிற யோக்கியதை இல்லை.

பிறகு எங்களையும் கூப்பிட்டார்கள். பிள்ளை சொன்னதை நீதிபதி வாசித்தார். "ராத்திரி தங்க மாட்டேன். பகல்ல போறேன். அம்மா கீழ நிக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற அப்பன் வீட்டுக்கு வர வாசலில் காவலா? காது சூடாகிவிட்டது. இரண்டு நாள் கேட்டேன், ஆறு மணி நேரம் கொடுக்கிறார்கள். என் வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப் போனார். நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"சம்மதங்க" என்றேன்.

27-ஆம் தேதி, காலை பத்திலிருந்து மாலை நான்குவரை.

டிசம்பர் 26, வெள்ளி

வீட்டை இரண்டு தடவை துடைத்தேன். புதுப் போர்வை வாங்கினேன், அவள் தூங்கப் போவதில்லை என்று தெரிந்தும். பிஸ்கட் மூன்று பாக்கெட், கிரீம், சாக்லேட், கோக்கோப் பொடி, பால். எதையும் செய்து வைக்கவில்லை. அவளோடு சேர்ந்து செய்யப் போகிறேன்.

டிசம்பர் 27, சனி

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஸ்கூட்டி சத்தம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். சுகந்தி எதிர்வீட்டுச் சுவர் நிழலில் வண்டியை நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கையில் தண்ணீர் பாட்டில். மேலே வந்து உட்கார் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் ஆதிரை என்ன நினைப்பாளோ என்று விட்டுவிட்டேன்.

ஆதிரை படியேறி வந்தாள். வாசலில் நின்று ஹாலைப் பார்த்தாள். அந்தச் சுவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள், செருப்போடு.

வார் வைத்த செருப்பு, கணுக்காலில் பக்கிள் போட்டு இறுக்கியிருந்தது. கழற்றவில்லை. வாசலில் கழற்றிவிட்டு வரவேண்டும் என்று இரண்டு வயதிலேயே அவளுக்குத் தெரியும். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவன்கூட என் வீட்டுக்குள் செருப்போடு வந்ததில்லை. நேற்று இரண்டு தடவை துடைத்த தரை. "செருப்பு!" என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதட்டலாகத்தான் வந்தது. எச்சிலோடு முழுங்கினேன்.

"வா பாப்பா."

சமையலறைக்குள்ளும் செருப்போடுதான் வந்தாள். பார்க்காத மாதிரி பாலை ஊற்றினேன்.

வேலை ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துபோனது. அவள் மேஸ்திரி, நான் சித்தாள். "ஒண்ணு, ரெண்டு, எடுங்க! அப்பா, எடுங்கன்னா!" என்று விரட்டினாள். கிரீமை அவளே அடித்தாள், கை வலித்ததும் என்னிடம் தள்ளினாள். கோக்கோவை ஊதி என் மூக்கில் அப்பினாள். முதல் மூன்று அடுக்கை ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஆறும்வரை சும்மா இருக்க வேண்டுமே என்று பாத்திரம் கழுவினோம். ஜனனிக்கும் அவளுக்கும் சண்டையாம். கணக்கு டீச்சர் நல்லவராம், ஆனால் வாயில் துப்புகிற மாதிரி பேசுவாராம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்த வீட்டில் இவ்வளவு பேச்சு கேட்டு எத்தனை நாளாயிற்று!

அப்போது என் கை ஈரத்தில் வழுக்கி, எவர்சில்வர் பேசின் தரையில் விழுந்தது. டங்கென்று வீடே அதிர்ந்தது.

நான் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் அவள் சமையலறையில் இல்லை. ஹாலைத் தாண்டி, வாசற்படியில் ஒரு காலை வைத்து நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல பாப்பா. பேசின் வழுக்கிடுச்சு. கோவமில்ல. பாரு, ஒண்ணுமில்ல."

நான் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பேசினைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் அவள் பார்க்கிற மாதிரி மேடையில் வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெதுவாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, முட்டாள், அதைப் போய்ச் சொன்னேன். "செருப்பக் கழட்டிட்டு ஃப்ரீயா உக்காரும்மா. காலு வலிக்கும்."

அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"அன்னைக்கு செருப்புப் போடறதுக்குள்ள அம்மா இழுத்துட்டுப் போயிட்டா. கண்ணாடி எல்லாம் கால்ல குத்திருச்சு. ரோடு வேற சுட்டுச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்டியே போனோம். ஆஸ்பத்திரில மூணு தையல் போட்டாங்க. அதுலேந்து உங்க வீட்டுக்கு வந்தா செருப்பக் கழட்டக் கூடாதுன்னு நெனச்சிக்கிட்டேன். அம்மா சொல்லல. நானாத்தான்."

"சரிம்மா."

"உங்களுக்குக் கோவமா?"

"இல்லம்மா. கழட்டாத. போட்டுக்கோ."

திரும்பி நின்று ஃப்ரீசரைத் திறந்தேன். அடுக்கு ஆறியிருந்தது. "மேல போடலாமா?" என்று கேட்டேன். வந்தாள். மீதி மூன்றையும் போட்டோம். ஆறாவது அடுக்கை அவளே தடவினாள், ஓரமெல்லாம் ஒழுகவிட்டு.

மூன்றரைக்கு வெட்டிச் சாப்பிட்டோம். இந்தத் தடவை பிஸ்கட் சரியாக நனைந்திருந்தது. அம்மாவுக்கு ஒரு பெரிய துண்டை டப்பாவில் வைத்துக்கொண்டு நான்கு மணிக்கு இறங்கினாள். சுகந்தி டப்பாவைத் திறந்து பார்த்து ஏதோ கேட்டாள், இவள் மேலே கையைக் காட்டினாள். ஸ்கூட்டி திரும்பும்வரை நின்று பார்த்தேன்.

சுகந்தியின் மனுவில் மூன்று தையல் என்று எழுதியிருந்ததை நான் படித்திருக்கிறேன். வக்கீல், "இதெல்லாம் பெருசாக்கிச் சொல்றது சார்" என்றார். நானும் தலையாட்டினேன். இன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். எழுதுவதற்கென்ன, அழுதேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

வக்கீல் ஃபோன் செய்தார். குரலில் ஒரே உற்சாகம். "பகல் விசிட் நல்லபடியா முடிஞ்சிருக்கு சார். இதையே காட்டி, பொங்கல் லீவுக்கு ராத்திரி தங்கற மாதிரி மனு போட்டுடலாம். கண்டிப்பா கெடைக்கும்."

வேண்டாம் என்றேன்.

"ஏன் சார்? இத்தன மாசமா அதுக்குத்தானே அலைஞ்சீங்க? நாம கேட்டா ஆர்டர் வாங்கிரலாம்."

"ஆர்டர் வாங்கிரலாங்க. புள்ள செருப்போட எப்டித் தூங்கும்?"